மாதம் ஒரு கப்பல்

அவையோருக்கு வணக்கம். பழைய கப்பல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே எவ்வளவு வேகம் என்றுதான் கேட்கிறார்கள். பசிபிக் கடலில் நான் வியப்பது வேறு: சொன்ன தேதியில் கப்பல் புறப்பட்டதே, அதைத்தான்.

1867 ஜனவரி 1 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 'கொலராடோ' என்ற நீராவிக்கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவுக்கும் ஹாங்காங்குக்கும் கிளம்பியது. அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு அந்தக் கடலைக் கடக்கும் ஒழுங்கான நீராவிச் சேவை அன்றுதான் தொடங்கியது. நடத்தியது பசிபிக் மெயில் நிறுவனம். பயணிகளின் கட்டணத்தை மட்டும் நம்பி யாரும் இதில் துணிந்து இறங்கியிருக்க மாட்டார்கள். மாதம் ஒரு கப்பல் விட்டுத் தபால் சுமந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் என்று அமெரிக்க அரசு பணம் கட்டியது. அட்டவணைக்கு உண்மையான எஜமான் தபால் பைதான்.

கொலராடோ மரக்கப்பல், இருபுறமும் சக்கரங்கள் சுழன்று நீரைத் தள்ளும். ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவைத் தொட்டுப் போகவேண்டும் என்பது அரசு முதலில் போட்ட நிபந்தனை. யோகோஹாமாவுக்கு நேர்வழி ஏறக்குறைய 4,500 கடல்மைல். ஹொனலுலு வழியாகப் போனால் இன்னும் 1,000 கூடும். நிறுவனம் அந்த நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற்றது. ஆனால் நடுவில் நிறுத்தம் இல்லையென்றால் மூன்று வாரத்துக்கு மேலான பயணத்துக்கு வேண்டிய நிலக்கரி முழுவதையும் கப்பலே சுமக்கவேண்டும். சரக்கு வைக்கவேண்டிய இடத்தைக் கரி பிடித்துக்கொண்டது.

அட்டவணையின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க 1889க்கு வாருங்கள். நெல்லி பிளை, எலிசபெத் பிஸ்லாண்ட் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் நியூயார்க்கிலிருந்து ஒரே நாளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஒருவர் கிழக்கே, மற்றவர் மேற்கே. பிஸ்லாண்டைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏற்றிச் சென்றது 'ஓஷியானிக்'. பிளை பசிபிக்கைக் கடந்து திரும்பியதும் அதே ஓஷியானிக்கில்தான்! போட்டியாளர்களைப் பற்றிக் கப்பலுக்கு என்ன கவலை?

உலகமே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிளை, கொழும்பில் அடுத்த கப்பலுக்காக 5 நாள் உட்கார்ந்திருந்தார். யோகோஹாமாவில் மறுபடியும் 5 நாள். 1890 ஜனவரி 7 அன்று அங்கிருந்து புறப்பட்டு 21 அன்று சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார். நாட்காட்டியில் 14 நாள். கப்பலில் கழிந்தது 15. பசிபிக் நடுவே தேதி மாறும் கற்பனைக் கோடான தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடந்தால் ஒரே தேதி இருமுறை வரும். அட்டவணை போட்டவர்கள் இதையும் கணக்கில் வைக்கவேண்டியிருந்தது.

1891இல் கனடியன் பசிபிக் ரயில்வே தன் மூன்று 'எம்ப்ரெஸ்' கப்பல்களை ஆசியாவிலிருந்து கனடாவின் வான்கூவருக்கு விட்டது. துறைமுகத்தில் இறங்கியவருக்கு அந்த நிறுவனத்தின் ரயிலே காத்திருக்கும். தாமதமானால் கப்பல்காரர் ரயில்காரர்மேல் பழிபோட வழியில்லை. இருவருக்கும் முதலாளி ஒருவரே.