கடைசிச் சில கிலோமீட்டர்கள்: மலைநாட்டு நிலநடுக்கமும் நிவாரணத்தின் வழியும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்பாக நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில், பார்பாக் கிராமத்தருகே மையம் கொண்டு 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தார்கள். மண்சாந்து பூசிய கல்வீடுகள் சுமார் 5 லட்சம் இடிந்து விழுந்தன. அடுத்த நாளே பல நாடுகளிலிருந்து விமானங்கள் புறப்பட்டுவிட்டன. அந்தச் சரக்கு விமான நிலையத்தை விட்டு வெளியேறி, மலைமேல் கூரையிழந்து நிற்கும் ஒரு குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேரும் வழியைப் பற்றியே நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நேபாளத்துக்குக் கடல் இல்லை. பெரிய விமானங்கள் இறங்கக்கூடிய பன்னாட்டு விமான நிலையமாக அன்று காத்மாண்டு ஒன்றுதான் இருந்தது. அதற்கும் ஒரே ஓடுபாதை. நிறுத்துமிடங்கள் குறைவாக இருந்ததால் வந்த விமானங்கள் வானில் வட்டமடித்தன, சில திரும்பியும் போயின. மே மாதத் தொடக்கத்தில் ஓடுபாதையிலேயே சேதம் தென்பட, மிகப் பெரிய விமானங்கள் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. இறங்கிய சரக்கும் சுங்கச் சோதனையில் தேங்கியது. ஐ.நா. அதிகாரிகள் வெளிப்படையாக முறையிட்ட பிறகே நடைமுறை சற்றுத் தளர்ந்தது. இவ்வளவு நெருக்கடிக்கிடையிலும் ஒரு நல்ல முன்னேற்பாடு கைகொடுத்தது. நிலநடுக்கத்துக்கு ஒரு மாதம் முன்புதான், 2015 மார்ச்சில், அந்த விமான நிலையத்தை ஒட்டி ஐ.நா.வின் உணவு உதவி அமைப்பான உலக உணவுத் திட்டத்தின் முயற்சியில் ஒரு நிவாரணச் சரக்கு மையம் திறக்கப்பட்டிருந்தது. பேரிடர் வருமுன் கட்டப்படும் கிடங்குக்குச் செலவிட எவரும் எளிதில் முன்வருவதில்லை. ஆனால் அன்று முதல் நாளிலிருந்தே சரக்கைப் பிரித்து அடுக்க இடம் இருந்ததற்கு அந்தக் கிடங்குதான் காரணம்.

இனி மலைக்கு வருவோம். சமவெளியில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்கிறோம். மலையில் அது நடைநாள் கணக்கு. நிலநடுக்கம் சரிவுகளைத் தளர்த்திவிடுகிறது. பின்னதிர்வுகள் அவற்றை மீண்டும் மீண்டும் உலுக்குகின்றன. திங்கட்கிழமை மண்ணை அள்ளித் திறந்த சாலை புதன்கிழமை மறுபடியும் மூடிக்கிடக்கும். 2015 மே 12 அன்று 7.3 அளவில் வந்த அதிர்வு இப்படித்தான் பாதைகளைக் குலைத்து, பிழைத்தவர்களின் நம்பிக்கையையும் குலைத்தது.

‘ஹெலிகாப்டர் இருக்கிறதே’ என்று கேட்கத் தோன்றும். 3,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். மெலிந்த காற்றில் தூக்குவிசை குறைகிறது, இயந்திரத்தின் திறனும் குறைகிறது. திரும்பி வருவதற்கான எரிபொருளையும் அதே ஹெலிகாப்டரே சுமக்க வேண்டியிருப்பதால் சரக்குக்கு மிஞ்சும் எடை இன்னும் சுருங்குகிறது. பிற்பகலில் மேகம் இறங்கிவிட்டால் அன்றைய பணி முடிந்தது. காயமுற்றோரைக் கீழே கொண்டுவரவும் அதே ஹெலிகாப்டர்தான் வேண்டும் என்பதால், ஒவ்வொரு காலையும் அரிசியா, எலும்பு முறிந்த மனிதரா என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

ஒரு சிறு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம் என்று கொண்டால், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு 60 கிலோ வேண்டும். 200 குடும்பங்கள் உள்ள ஊருக்கு 12 டன். ஓர் ஆள் 30 கிலோ சுமந்தால் 400 சுமைகள். ஏற இரண்டு நாள், இறங்க ஒரு நாள் என்றால் சுமப்பவரும் மூன்று நாள் சாப்பிட வேண்டும். அந்த உணவும் அதே முதுகில்தான் ஏறுகிறது. பருப்பும் எண்ணெயும் உப்பும் இன்னும் கணக்கில் வரவில்லை. 24 சதுர மீட்டர் தார்ப்பாய் ஒன்று ஏறத்தாழ 5 கிலோ. இந்தக் கணக்கு தெரிந்தவர் கிடங்கிலேயே மூட்டையை 30 கிலோவாகக் கட்டுவார். தெரியாதவர் 50 கிலோ மூட்டையை அனுப்ப, சாலை முடியும் இடத்தில் மழைக்கு நடுவே அது அவிழ்க்கப்பட்டு, பாதி சேற்றில் போகும். நன்கொடை தருவோர் நல்லெண்ணத்தோடு திரட்டியனுப்பும் பழைய துணிகளும் இதே முதுகுகளுக்காகத்தான் காத்திருக்கின்றன. அவற்றை அனுப்பாதீர்கள் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

காலக்கெடு இன்னொரு பகைவன். 2005 அக்டோபர் 8 அன்று முசாபராபாத், பாலாகோட் பகுதிகளைத் தரைமட்டமாக்கிய 7.6 அளவிலான நிலநடுக்கத்தில் பாகிஸ்தானில் மட்டும் 73,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நீலம், ஜீலம் பள்ளத்தாக்குகளின் சாலைகள் அடைபட்டிருக்க, பனிப்பொழிவு சில வாரத் தொலைவில் இருந்தது. வந்த கூடாரங்களில் பெரும்பாலானவை பனிக்கு ஏற்றவை அல்ல. கால்நடையையும் நிலத்தையும் விட்டுக் கீழே இறங்க மக்களில் பலருக்கு மனமில்லை. அதனால் இடிபாட்டு மரங்களோடு சேர்த்துக் குடும்பத்துக்கு ஒரே ஓர் அறையையாவது குளிர்காலத்துக்குள் எழுப்பிக்கொள்ளத் தகரத் தகடுகளும் ஆணியும் சுத்தியலும் மேலே அனுப்பப்பட்டன. மக்கள் இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு உதவுவது என்ற அந்த முடிவைச் சரியென்றே நான் கருதுகிறேன்.

நேபாளத்தில் பனியின் இடத்தில் பருவமழை இருந்தது. ஜூனுக்குள் பொருள் மேலே போயாக வேண்டும். அப்போது உலக உணவுத் திட்டம் மலையேற்றச் சுமையாளர்களையும் கோவேறு கழுதைகளையும் நாடியது. சுற்றுலாப் பயணிகள் வராமல் போனதால் பிழைப்பிழந்து நின்ற அந்த மனிதர்களே ஆயிரக்கணக்கில் கூலிக்கு அமர்த்தப்பட்டு, முதலில் சரிந்த நடைபாதைகளைச் சீராக்கினார்கள். பின்னர் அதே பாதைகளில் சுமை ஏற்றினார்கள். ஒற்றையடிப் பாதையைச் சீராக்குவதுதான் அந்த நாட்களின் மிக முக்கியமான பணி என்பது என் எண்ணம். ஏனெனில் அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், பாதையோ பிறகும் பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வர இருக்கும்.

அந்தச் சுமையாளர்கள் இறங்கி வரும்போது கூடை காலியாக இருக்கும். ஆனால் எந்த ஊரில் ஊற்று வற்றியது, எந்தச் சரிவில் விரிசல் அகன்றது, எந்த வீட்டில் பிரசவம் நெருங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, அதைக் கேட்டுக் கிடங்குப் பதிவேட்டில் எழுதிவைக்க ஒருவரைத் தனியே அமர்த்த வேண்டும். மறுநாள் காலை எந்த மூட்டை முதலில் ஏற வேண்டும் என்பதை அந்தப் பதிவேடு சொல்லிவிடும்.