நிமிடத்துக்கு ஆறு மூச்சு

நேயர்களுக்கு வணக்கம். டெல்லி ஆர்.கே.புரத்தில் வயதானவர்களுக்கு நான் யோகா சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் சர்க்கரை உள்ளவர்களே அதிகம். இதயத்தைப் பற்றிய பயமும் கூடவே இருக்கும். அவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது, மெதுவாக, மெதுவாக.

மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்றவர் ஒருவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். இன்சுலின் போடுகிறார், பிரஷருக்கு மாத்திரை. "டீச்சர், டிவி பார்த்து தினமும் கபாலபாதி பண்றேன், ஐந்நூறுக்குக் குறையாது" என்றார். செய்து காட்டச் சொன்னேன். தோள் இரண்டும் காதுவரை ஏறின, கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்துவிட்டது. பார்த்த எனக்குப் படபடப்பு! பிரஷரோ இதயக் கோளாறோ இருந்தால் இந்த வேக மூச்சு வேண்டாம். வேகமாக இழுத்து வேகமாக விடும் பஸ்திரிகாவும் வேண்டாம், மூச்சை அடக்கி வைப்பதும் வேண்டாம். போட்டியா நடக்கிறது?

நாற்காலியில் உட்காரவைத்தேன். ஐந்து விநாடி மூச்சை இழுங்கள், ஐந்து விநாடி விடுங்கள் என்றேன். அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கொஞ்ச நேரத்தில், "இவ்வளவுதானா?" என்றார். பாவம், ஏமாற்றம்.

இவ்வளவுதான் சார், ஆனால் டாக்டர்கள் இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள் என்றேன். மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகும், விடும்போது தணியும். பல வருடச் சர்க்கரை இதயத்துக்குப் போகும் நரம்புகளைக் கெடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் குறைந்துவிடும். அதனால் ஈசிஜி மாட்டி, இதே ஆறு மூச்சு விடச் சொல்லிப் பார்ப்பார்கள். இழுக்கும்போதும் விடும்போதும் உள்ள துடிப்பு வித்தியாசம் நிமிடத்துக்கு 15 இருந்தால் நல்லது, 10க்குக் கீழே போனால் நரம்பைக் கவனிக்க வேண்டும். வயதாக ஆக அது கொஞ்சம் குறையும், அதையும் டாக்டர் கணக்கில் எடுப்பார்.

2001இல் இத்தாலியில் பெர்னார்டி என்பவரின் ஆய்வுக் குழு, ஜெபமாலை ஜெபமும் திபெத்திய மந்திரமும் சொன்னவர்களின் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறுக்கு அருகில் வந்ததைக் கண்டது. ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயலும் அப்போது கூர்மையானதாம். ரயிலைப் பிடிக்கிற வேகத்தில் சுலோகம் சொல்கிறவர்கள் இதைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்!

நம்ம டெல்லிக்குத் தனியாக ஒன்று. நவம்பர், டிசம்பர் புகைமூட்டத்தில் விடிகாலைப் பூங்காவுக்குப் போய் மூச்சை இழுக்காதீர்கள். குளிரில் ரத்தக் குழாயும் சுருங்கும். வீட்டுக்குள்ளேயே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஆசனங்களைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வந்தேன், சரி, ஓட்டமாகச் சொல்கிறேன். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் தலைகீழ் ஆசனம் கூடவே கூடாது. பாதம் மரத்திருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். சவாசனத்திலிருந்து ஒருக்களித்து, மெல்ல எழுந்திருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாப்பிட, குளுக்கோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். திடீரென்று வேர்த்து மூச்சு வாங்கினால், பயிற்சி செய்து பார்க்கலாம் என்று உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கம்.