‘கூத்து 2’ என்று எழுதிய கசெற்

(மட்டக்களப்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் வீட்டில் பழைய கசெற் ஒன்று கிடைத்தது. மேலே நீல மையில் ‘கூத்து 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. கூத்து 1 எங்கே போனதோ! பதிவைக் கணினியில் ஏற்றி, பாடுபவர் என்ற இடத்தில் அவருடைய பெயரையே எழுதிக்கொண்டு, ஒரு பின்னேரம் அவருக்குப் போட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

“மனே, இது நானில்ல. என்ட அப்பா.”

எப்படித் தெரியும் என்றேன்.

“தருப் பாட்டு முடியக்குள்ள ஒரு இருமல் கேட்டுதே, அது அவர்ர இருமல். மத்தளம்தான் நான்.”

அந்த இருமலைத்தான் நாங்கள் இரைச்சல் என்று வெட்டி எறிய இருந்தோம். அன்றைக்கு வெட்கப்பட்டது கொஞ்சநஞ்சமில்லை.

இன்று எல்லார் கையிலும் கமெரா இருக்கிறது. எடுப்பது கஷ்டமில்லை. எடுத்தது யார், எந்த ஊர், எந்த ஆண்டு, கூத்து வகையில் வடமோடியா தென்மோடியா, பிற்பாட்டுப் பாடியவர் யார் என்று எழுதி வைப்பதில்தான் கோட்டை விடுகிறோம். நூலகங்களுக்கு டப்ளின் கோர் என்றொரு விவர முறை இருக்கிறது, 15 கட்டங்கள். அதில் ‘ஆக்கியோர்’ என்றொரு கட்டம். கூத்துக்கு அங்கே யாரைப் போடுவது? ஏட்டை எழுதியவரையா, மாதக்கணக்கில் ஆட்டம் பழக்கிய அண்ணாவியாரையா? நான் இருவரையும் போடுகிறேன். கட்டம் போதாவிட்டால் கட்டத்தைத்தான் பெருப்பிக்க வேண்டும்.

எடுப்பதிலும் ஒன்று சொல்ல வேண்டும். கூத்தாடும் நம்முடைய களரி வட்டமானது, சனம் நாலு பக்கமும் இருக்கும். ஆடுகிறவர் நாலு பக்கமும் கிறுகி ஆடுவார். ஒரே கமெராவை ஒரு மூலையில் நட்டால், பாதிக்கூத்து முதுகுதான். போனிலே எடுத்தால் இன்னொரு தொல்லை: மத்தளம் அதிரும்போது போன் தானாகவே சத்தத்தைக் குறைக்கும், பாட்டு அமுங்கிப்போகும். ஒலிக்குத் தனியாக ஒரு ரெக்கோடரை அண்ணாவியார் பக்கத்தில் வைத்து விடுங்கள். பிறகு அதை வாட்சப்பில் அனுப்பிவிட்டு, ‘பத்திரமாக இருக்கு’ என்று நினைக்காதீர்கள். அது வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். மூலக் கோப்பை மூன்று பிரதி எடுங்கள், ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதிய கூத்துப் பிரதிகளும் நிறையக் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தருமர் வரவு முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேடினால் அகப்படும். 2005 முதல் ‘நூலகம்’ என்ற திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் தந்து வருகிறது. ஒலி, ஒளி, படங்களுக்கு அவர்களுடைய ‘ஆவணகம்’ என்ற தளமும் உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டுமா? வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திச் சடங்கு நடக்கிறது. தெய்வம் உருவந்து ஆடுகிற ஒரு தாயின் முகத்தை யூடியூப்பில் போட நமக்கு யார் உரிமை தந்தது? சில ஊர்களில் பாட்டைப் பதியலாம், படம் வேண்டாம் என்பார்கள். சரி, அப்படியே பதிவோம். அந்தப் பதிவை ஊருக்குள்ளே மட்டும் கேட்க வைக்கலாம், கோயிலிலேயே ஒரு பிரதி கொடுக்கலாம்.

வீட்டில் பழைய கசெற் இருந்தால் கொண்டு வாருங்கள், பின்னால் மேசை போட்டிருக்கிறோம். பூஞ்சணம் பிடித்திருந்தால் வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். கொண்டுவரும்போது, அதில் பாடுகிறவரைத் தெரிந்த ஒரு கிழவனையோ கிழவியையோ கையோடு கூட்டி வாருங்கள். கதிரை இருக்கிறது, பிளேன்ரீயும் இருக்கிறது.