நாற்பது ஆப்பிள் மரம், நானூறு பீச் மரம்

நண்பர்களே, வணக்கம். அமெரிக்க அரசு விலையில்லாமல் கொடுத்த நிலத்துக்கு முதலில் மனு கொடுத்தவர்களில் ஒருவரான டேனியல் ஃப்ரீமனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரு நள்ளிரவில்தான் தொடங்குவார்கள். நானும் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1862 மே 20 அன்று அமெரிக்க அதிபர் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் அரசு நிலம் உங்களுக்கே சொந்தம். நிலத்துக்கு விலை கிடையாது, கட்டணம் மட்டும்தான். 1863 ஜனவரி 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஃப்ரீமன் அப்போது உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்ததாகச் சொல்வார்கள். விடிந்ததும் படைக்குத் திரும்பியாக வேண்டும் என்று சொல்லி, நெப்ராஸ்காவின் பிரவுன்வில்லில் நில அலுவலகத்தை நள்ளிரவிலேயே திறக்க வைத்து மனு கொடுத்தார் என்பார்கள்.

சரி, கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரவு இல்லை, 1868 ஜனவரியில் எழுதிய ஒரு காகிதம். நிபந்தனையை நிறைவேற்றிவிட்டார் என்று அக்கம்பக்கத்தார் இருவர் கொடுத்த சாட்சி அது. வீடு 14 அடிக்கு 20 அடி, பாதி மரக்கட்டை, பாதி பலகை. நாம் நிற்கும் இந்த மேடைக்குள் அடங்கிவிடும். இரண்டு கதவு, இரண்டு ஜன்னல். ஒரு தொழுவம், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, சோளம் கொட்டிவைக்க ஒரு பட்டறை. 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம். உழுது, வேலி போட்டுப் பயிர் செய்தது சுமார் 35 ஏக்கர்.

160 ஏக்கரில் முப்பத்தைந்துதான். சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் புல்வெளியில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புல் உண்டு. அதன் வேர் அதைவிட ஆழம் போகும். தலைமுறை தலைமுறையாகப் பின்னிக் கிடந்த அந்த வேர்ப் பின்னலை எஃகுக் கலப்பையால் கிழித்தால்தான் விதைக்க மண் கிடைக்கும். அதில் 35 ஏக்கர் என்றால், ஒவ்வொரு ஏக்கரிலும் மாட்டின் வியர்வையும் மனிதனின் வியர்வையும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது. அது ஆளில்லாத மண் அல்ல. அந்தப் பக்கமெல்லாம் ஓட்டோ, மிசூரியா என்ற பூர்வகுடி மக்கள் வேட்டையாடி, சோளம் விதைத்து வாழ்ந்த இடம். ஃப்ரீமன் நிலம் இருந்த அதே கேஜ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) தங்களுக்கென்று ஒதுக்கி மிச்சமிருந்த நிலத்தையும் இழந்து, 1880களின் தொடக்கத்தில் அவர்கள் ஓக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது. ஒருவர் கைக்குப் பட்டா வந்த கதைக்குள் இன்னொருவர் கையை விட்டு நிலம் போன கதையும் இருக்கிறது.

ஃப்ரீமன் மருத்துவம் படித்தவர். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபாக இருந்தார். சந்தேக மரணங்களை விசாரிக்கும் கொரோனராகவும் இருந்தார். ஆனால் பதவி எதுவும் இல்லாத முதுமையில் அவர் செய்த ஒரு காரியம்தான் என் மனதில் நிற்கிறது. எழுபதைத் தாண்டிய வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, பிள்ளைகளைத் துதிப்பாடல் பாட வைத்தார். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் இது கூடாது என்று ஃப்ரீமன் எதிர்த்தார். பள்ளி வாரியம் கேட்கவில்லை. கீழ்க் கோர்ட்டில் தோற்றார், விடவில்லை. 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதே போன்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1963 ஆயிற்று! தினமும் முகத்தில் விழிக்கிற ஊர்க்காரர்களை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போவது எவ்வளவு பாரம் என்று கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

1908 டிசம்பரில் அவர் இறந்தார். தன் நிலத்திலேயே அடக்கம். மனைவி ஆக்னஸ் 1931 வரை இருந்தார். அவர் கல்லறையும் அங்கேதான். 1936இல் அரசு அந்த நிலத்தைத் தேசிய நினைவிடமாக்கியது. அப்புறம் அங்கே வேலை பார்த்தவர்கள், உழுது களைத்துப்போன அந்த மண்ணில் பழைய புல்லையே திரும்ப விதைத்தார்கள். இன்று அங்கே நூறு ஏக்கர் அளவுக்கு அந்தப் புல் ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது.