காடா, கரடா?

நேயர்களுக்கு வணக்கம். அச்சுப் புத்தகத்தைப் படிக்க முடியாத கல்லூரி மாணவர்களுக்காகப் பல வருடங்களாகப் பாடநூல்களை ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி, பிழை திருத்திக் கொடுத்து வருகிறேன். பார்வையற்றவர்களுக்கு மட்டுமா என்று கேட்பார்கள். இல்லை. கண் நன்றாகத் தெரிந்தும் எழுத்துகள் குழம்பிப்போகிற டிஸ்லெக்சியா உள்ளவர்களும் இருக்கிறார்கள். கை முடங்கியதால் புத்தகத்தைப் பிடிக்கவோ பக்கத்தைப் புரட்டவோ முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

இப்போதுதான் எல்லாப் புத்தகமும் பிடிஎஃப்பாகக் கிடைக்கிறதே, அப்புறம் என்ன? இதுவும் வழக்கமான கேள்வி. ஸ்கேன் செய்த பக்கம் என்பது அந்தப் பக்கத்தின் போட்டோ, அவ்வளவுதான். கண்ணால் பார்ப்பவருக்கு அது எழுத்து. திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கிற திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். 300 பக்கக் கோப்பைத் திறந்தாலும் ஒரு சொல்கூட வாசிக்காது.

சரி, படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் இருக்கிறதே என்றால், இருக்கிறது. அதை வைத்துத்தான் நானும் வேலை செய்கிறேன். ஒரு நாள் ஒரு மாணவர் போன் செய்தார். "அண்ணா, இந்தப் பாடத்தில் மழைநீரைப் பிடித்து வைக்கும் கரடு, யானைகள் வாழும் கரடு என்றே வருகிறது. கரட்டில் யானை எப்படி வாழும்?" என்றார். கோப்பைத் திறந்து பார்த்தேன். எனக்குக் காடு என்றுதான் தெரிந்தது. மறுபடியும் பார்த்தேன், காடுதான். அப்புறம்தான் உறைத்தது. நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'கா'வில் வரும் துணைக்காலும், 'ர' என்ற எழுத்தும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மென்பொருள் துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொண்டுவிட்டது. சிறு குன்றுக்குக் கரடு என்று பெயர் இருக்கிறதல்லவா, அதனால் எழுத்துப்பிழை பார்க்கும் கருவியும் அதை விட்டுவிட்டது. என் கண்ணும் விட்டுவிட்டது. அந்த மாணவர் ஒரு வாரம் கரடு கரடு என்றே குறிப்பு எடுத்திருக்கிறார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு, முழுக் கோப்பையும் திரைவாசிப்பானில் ஒருமுறை கேட்காமல் எதையும் அனுப்புவதில்லை.

ஆகவே கோப்பு இருக்கிறது என்பதாலேயே புத்தகம் இருக்கிறது என்று ஆகாது. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

எழுத்து சரியாக வந்தாலும் போதாது. புத்தகத்துக்குள் நடமாட வழி வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நூலின் பெயர் இருக்கும். நீங்கள் அதைப் பார்க்காமலே தாண்டிவிடுவீர்கள். கேட்டுப் படிப்பவருக்கோ வாக்கியத்தின் நடுவில் அந்தப் பெயர் வந்து குறுக்கே விழும். இதை 300 தடவை கேட்டால் எப்படி இருக்கும்?

வகுப்பில் ஆசிரியர், "143ஆம் பக்கத்தை எடுங்கள்" என்கிறார். எல்லோரும் புரட்டுகிறார்கள். கோப்பில் பக்க எண் இல்லாத மாணவர் எங்கே போவார்? ஆய்வேட்டில் மேற்கோளுக்கு எந்தப் பக்கத்தைக் குறிப்பார்? ஈபப், டெய்சி ஆகிய மின்னூல் வடிவங்களில் அச்சு நூலின் பக்க எண்களை உள்ளேயே பதித்து வைக்கலாம். தலைப்புகளைத் தலைப்பு என்று குறித்து வைத்தால், என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பானில் ஒரே விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவலாம். தடித்த எழுத்தில் போட்டால் மட்டும் அது தலைப்பு ஆகிவிடாது. தடிப்பு கண்ணுக்குத்தான் தெரியும்.

அட்டவணை, கணிதச் சூத்திரம், படங்களுக்கு விளக்கம் எழுதுவது என்று நிறையக் குறித்து வைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2013இல் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. 2016 செப்டம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் சேர்ந்த ஒரு நாட்டில் இப்படி மாற்றிய நூலை, சேர்ந்த இன்னொரு நாட்டுக்கு அனுப்பலாம். ஒரே புத்தகத்தை ஒவ்வொரு நாட்டிலும் முதலிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களே, ஒரு நூலைத் திருத்தி முடிக்க எனக்குப் பல வாரங்கள் ஆகின்றன. பருவம் தொடங்கிய பிறகு நூல்பட்டியல் கைக்கு வந்தால், தேர்வு முடிந்த பிறகுதான் புத்தகம் போய்ச் சேரும். இரண்டு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.