ஆளை விடு, காலி இடத்தைப் பார்: வலை, சுவர் ஆட்டங்கள் ஓர் அறிமுகம்

[திரையில்: மண் தரை, சுண்ணாம்புக் கோடு. நடுவில் வலை. இரண்டு பள்ளி மாணவிகள், கையில் ரப்பர் வளையம்.]

முதலில் இவர்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பாருங்கள். இது வளையப்பந்து, ரிங் டென்னிஸ் என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். பேட் கிடையாது, பெயரில் இருக்கிற பந்தும் கிடையாது, ஒரு ரப்பர் வளையம்தான். ஒரு கையால் பிடிக்க வேண்டும், பிடித்த அதே கையால் உடனே திருப்பி எறிய வேண்டும், எறிவது மாதிரி பாவ்லா காட்டக் கூடாது. இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அந்தப் பச்சை யூனிஃபார்ம் பெண் எங்கே எறிகிறாள் என்று கவனியுங்கள். எதிரில் நிற்பவள் பக்கம் எறியவே இல்லை, அவள் எங்கே இல்லையோ அங்கே எறிகிறாள்.

இன்றைய வீடியோ முழுக்க அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான்.

[திரையில்: கபடி, கால்பந்து, பிறகு மறுபடி வலை.]

கபடியில் ஆளைப் பிடிக்கலாம், கால்பந்தில் ஆளை இடித்துக்கொண்டு தாண்டலாம். டென்னிஸ், ஷட்டில், வாலிபால், டேபிள் டென்னிஸ், பூப்பந்து இதிலெல்லாம் நடுவில் வலை இருக்கிறது, எதிராளி மேல் விரல்கூடப் படாது. அப்படியென்றால் அவரை எப்படித் தோற்கடிப்பது? அவரிடமிருந்து இரண்டு பொருளைத்தான் பிடுங்க முடியும்: இடம், நேரம். பந்து அவர் எட்டாத இடத்தில் விழ வேண்டும், இல்லாவிட்டால் அவர் தயாராவதற்குள் வந்து சேர வேண்டும். ஸ்மாஷ் (மேலிருந்து ஓங்கி அடிப்பது), டிராப் (வலையை ஒட்டி மெல்லப் போடுவது), லாப் (தலைக்கு மேலே தூக்கிப் போடுவது), ஸ்பின் (பந்தைச் சுழல விடுவது) என்று நாம் பெயர் வைத்திருக்கிற எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைப் பிடுங்குகிற வழிகள்தான்.

இந்த ஆட்டங்களையெல்லாம் ஒரே குடும்பமாகச் சேர்த்துப் பார்க்கிற வழக்கம் 1980களில் பரவியது. 1982ல் இங்கிலாந்தின் லஃபரோவில் டேவிட் பங்கர், ரோட் தோர்ப் என்ற இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள், பிள்ளைகளுக்கு முதலில் ஆட்டத்தைப் புரியவையுங்கள், பேட்டைப் பிடிக்கிற விதம் அப்புறம் என்று எழுதினார்கள். அதையொட்டி வளர்ந்த பிரிவினையில் கால்பந்து, ஹாக்கி ஒரு வகை, கிரிக்கெட் ஒரு வகை, வில்வித்தை மாதிரி குறிபார்ப்பது ஒரு வகை, நான்காவது வலையும் சுவரும். என் பள்ளி பி.டி. வாத்தியார் இதற்கு நேர் எதிர்: ஒரு மாதம் பந்தையே கண்ணில் காட்டாமல் வெறும் காற்றில் பேட்டை வீச வைத்தார். எனக்கு வீச்சு நன்றாக வந்தது. எங்கே அடிப்பது என்று மட்டும் பல வருஷம் தெரியவில்லை.

[திரையில்: மேலிருந்து டென்னிஸ் கோர்ட். இரண்டு புள்ளிகள், கோடுகள்.]

சரி, எங்கே அடிப்பது? டென்னிஸிலிருந்து தொடங்கலாம், அதில்தான் கணக்கு பளிச்சென்று தெரியும். நீங்கள் வலது மூலையில் நிற்கிறீர்கள். நேராக அடிக்கலாம், குறுக்காக எதிர் மூலைக்கும் அடிக்கலாம். பெரிய ஆட்டக்காரர்கள் சலிக்காமல் குறுக்கே அடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றையர் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர், அகலம் 8.23 மீட்டர். மூலையிலிருந்து மூலைக்கு அளந்தால் 25 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், ஆக பந்து வெளியே போகாமல் விழ ஒரு மீட்டருக்கும் மேல் இடம் சும்மா கிடைக்கிறது. அதோடு வலையும் ஒரே உயரம் இல்லை, கம்பத்தருகே 1.07 மீட்டர், நடுவில் 91 சென்டிமீட்டர். குறுக்கே அடித்தால் தாழ்ந்த நடுப்பகுதி மேலாகத்தான் போகும்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. அடித்த பிறகு எங்கே போய் நிற்பது? கோர்ட்டின் நட்டநடுவில் என்றுதான் எல்லோரும் நினைப்போம், நானும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன். நிற்க வேண்டியது கோர்ட்டின் நடுவில் அல்ல, எதிராளி அடிக்கக்கூடிய இரண்டு கடைசிக் கோணங்களின் நடுவில். நீங்கள் வலது மூலையிலிருந்து குறுக்கே அடித்தால் அந்த நடு உங்கள் வலப்பக்கமே சற்றுத் தள்ளி விழுகிறது. திரும்பிவர இரண்டு மூன்று எட்டு போதும். நேராக அடித்தாலோ நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஓட வேண்டும்.

[திரையில்: அதே படம், இப்போது ஷட்டில் கோர்ட்.]

இதே கணக்கை அப்படியே ஷட்டிலுக்குக் கொண்டுபோனால் அடி வாங்குவீர்கள். அங்கே விடை தலைகீழ். காரணம் ‘காக்’ என்கிற அந்த இறகுப் பந்து. 16 இறகு, மொத்த எடை சுமார் 5 கிராம், காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. 2023ல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஒரு ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸ் பதிவானது. அது பேட்டை விட்டுக் கிளம்புகிற வேகம், எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்போது அதில் சொற்பம்தான் மிஞ்சும். டென்னிஸ் பந்து தரையில் பட்டு இன்னும் வெளியே ஓடும், காக் அப்படி ஓடாது, களைத்துப்போய் விழும். அதனால் ஷட்டிலில் குறுக்கே வருகிற அடி தூரம் அதிகமாகப் பயணம் செய்து உங்களுக்கு நேரம் கொடுக்கிறது, நேராக வருகிற அடிதான் ஆளைக் கொல்லும். எனவே காக் இருக்கிற பக்கமாகத்தான் நீங்கள் ஓர் அடி சாய்ந்து நிற்க வேண்டும். நீங்களே குறுக்கே அடித்துவிட்டால், எதிராளி நேராகத் திருப்புவதற்குள் கோர்ட்டின் அந்தக் கோடிக்கு ஓட வேண்டியதுதான்.

[திரையில்: மாலை வெயில். மஞ்சள் கம்பளிப் பந்து, ஐந்து ஐந்து பேர்.]

இறகை எடுத்துவிட்டுக் கம்பளி உருண்டையை வைத்தால்? அதுதான் நம்ம பூப்பந்து. 1850களில் தஞ்சாவூரில் ஆடப்பட்ட ஆட்டம், அரச குடும்பத்துக்கு இதில் விருப்பம் இருந்தது என்பார்கள். காற்றடிக்கிற திறந்த மைதானத்தில் இறகு எங்கேயோ பறந்துவிடும், கம்பளிப் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகும். எடை 27 முதல் 30 கிராம், காக்கைவிட ஐந்தாறு மடங்கு. கோர்ட் 24 மீட்டருக்கு 12 மீட்டர், பக்கத்துக்கு ஐந்து பேர். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஐந்து பேர் இருந்தாலும் ஒரே ஓர் அடியில் பந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும், வாலிபால் மாதிரி ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுக்க முடியாது. ஆகவே ஐந்து பேரும் நிற்கிற இடம்தான் பாதி ஆட்டம்: முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு பேர். நல்ல அணிக்கு எதிராக ஆடும்போது காலி இடம் தரையில் தெரியாது. இரண்டு பேருக்கு நடுவில், “நீ எடுப்பாய் என்று நினைத்தேன்” என்கிற அந்தச் சந்தில்தான் இருக்கும். இந்த ஆட்டத்துக்கு 1954லேயே தேசியக் கூட்டமைப்பு வந்துவிட்டது, ஆனால் டிவியில் ஒரு மேட்ச் முழுசாகப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

வாலிபாலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1895ல் அமெரிக்காவின் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் முட்டல் மோதல் ஒத்துவராத நடுத்தர வயதுக்காரர்களுக்காக உண்டாக்கியது. பந்தை அந்தப் பக்கம் அனுப்புவதற்குள் ஓர் அணிக்கு மூன்று தொடுதல் உண்டு என்பதால், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுக்கிற லிஃப்டர் அதை யாருக்குத் தூக்குகிறார் என்பதைக் கடைசி நொடிவரை மறைப்பதுதான் வித்தை. ஆண்களுக்கு வலை 2.43 மீட்டர். அதற்கு மேல் எகிறித் தடுக்க வேண்டியவர் எங்கே எகிறுவது என்று தெரியாமல் நிற்கிற அந்த அரை நொடிக்காகத்தான் முதல் இரண்டு தொடுதலும்.

[திரையில்: டேபிள் டென்னிஸ் பேட்டின் நெருக்கக் காட்சி. ஒலி: டொக், டொக். பிறகு அமைதி.]

இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேசை 2.74 மீட்டர்தான், அவ்வளவு கிட்டத்தில் கண்ணோடு காதும் சேர்ந்துதான் வேலை செய்யும். 1952ல் பம்பாயில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். பந்து பட்டால் சத்தமே இல்லை. எவ்வளவு வேகத்தில் அடித்தார் என்று காதால் கணிக்க முடியாமல் ஐரோப்பிய ஜாம்பவான்கள் திணறினார்கள், பட்டம் சாத்தோவுக்கு. பெரிய உடல்வாகு கொண்டவரும் இல்லை அவர், எதிராளியிடமிருந்து ஒரு சின்ன சத்தத்தைப் பிடுங்கினார், அவ்வளவுதான்.

[திரையில்: நான்கு சுவர், கண்ணாடிப் பின்சுவர். ஸ்குவாஷ்.]

இப்போது வலையைக் கழற்றிவிட்டுச் சுவரை வையுங்கள். சுவரில் அடிக்கிற ஆட்டங்கள் பழசு. இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளிப் பையன்கள் தேவாலயத்தின் வெளிச்சுவரில் முட்டுத்தூண்களுக்கு நடுவே கையாலேயே பந்தடித்தார்கள், பிற்பாடு அந்த ஆட்டத்துக்குத் தனியாகக் கோர்ட் கட்டியபோதும் அந்தத் தூணை விடாமல் சேர்த்தே கட்டினார்கள். ஸ்குவாஷ் வந்தது இன்னொரு பள்ளியிலிருந்து, 1830 வாக்கில் ஹாரோவில். ஓட்டை விழுந்த ரப்பர் பந்து சுவரில் பட்டு நசுங்கியது, பெயர் அதிலிருந்து.

சுவர் வந்தவுடன் என்ன மாறுகிறது? எதிராளி எதிரில் இல்லை, உங்கள் தோளுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறார். 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், இரண்டு பேருக்கும் ஒரே அறை. நடுவில் கோடுகள் சேருகிற ‘டி’ என்ற இடத்தில் யார் நிற்கிறாரோ அவர் வீட்டுக்காரர், மற்றவர் மூலைக்கு மூலை அலைகிற வாடகைக்காரர். ஆகவே பாயிண்ட் எடுக்க அடிப்பதைவிட, எதிராளியை டியிலிருந்து கிளப்பத்தான் முக்கால்வாசி அடிகள். அதில் சிறந்தது பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: பக்கச் சுவரை உரசிக்கொண்டே போய்ப் பின்மூலையில் செத்து விழுகிற அடி. பேட்டை நுழைக்கவே இடம் இருக்காது. பந்தையும் ஆட்டத்துக்கு முன்னால் அடித்து அடித்துச் சூடாக்க வேண்டும், குளிர்ந்த பந்து எழும்பாது. வழியில் நிற்கிறவர் மேல் அடித்துவிடாமல் நிறுத்தி ‘லெட்’ (அந்தப் பாயிண்டை மறுபடி ஆடுவது) கேட்கிற விதியும் ஒரே அறையில் ஆடுவதால் வந்ததுதான். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கம் வாங்கிய ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் இருவரும் சென்னைக்காரர்கள். ஒலிம்பிக்குக்கு ஸ்குவாஷ் முதன்முதலாகப் போவது 2028 லாஸ் ஏஞ்சல்ஸில்தான்.

[திரையில்: இரண்டு மரம், நடுவில் கட்டிய கயிறு.]

வீட்டருகே செய்து பார்க்க ஒன்று. இரண்டு மரத்துக்கு நடுவே நெஞ்சு உயரத்தில் கயிறு கட்டுங்கள். பந்தோ வளையமோ காக்கோ, எது கிடைக்கிறதோ அது. முதல் பத்து நிமிடம் கோர்ட்டை ஒடுக்கமாக, நீளமாகப் போடுங்கள், இரண்டு எட்டு அகலம் போதும். பக்கவாட்டில் இடமே இல்லாததால் முன்னால் போடவும் பின்னால் தள்ளவும் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள். அடுத்த பத்து நிமிடம் அதையே திருப்பி அகலமாக, கட்டையாகப் போடுங்கள், இப்போது பின்னால் தள்ள வழியில்லை, பக்கத்தில்தான் போட முடியும். இந்த இருபது நிமிடமும் ஸ்மாஷ் கிடையாது. கெஞ்சுவார்கள், விடாதீர்கள்.