பைக்குள்ள ஒரு எலும்பு

வணக்கம். பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க வலது கையால இடது மணிக்கட்ட புடிச்சுக்கோங்க. வண்டி ஓட்டிட்டே கேக்கறவங்க வேணாம், அப்புறமா செஞ்சுக்கலாம். புடிச்சாச்சா? குதிரையோட முன்னங்கால்ல முட்டின்னு நாம சொல்றோமே, அது முட்டியே கிடையாது, நீங்க இப்ப புடிச்சிருக்கீங்களே அந்த மணிக்கட்டுதான். அதுக்குக் கீழ நீளமா ஒத்த எலும்பு இறங்குதுல்ல, அது உங்க உள்ளங்கைக்குள்ள இருக்கற எலும்பு. அதுக்கும் கீழ குளம்பு, அது நடுவிரலோட நகம். அவ்ளோ பெரிய உடம்ப தூக்கிக்கிட்டு காலுக்கு ஒரே ஒரு விரல் நுனியில ஓடுது குதிரை. மாடு ரெண்டு விரல்ல நடக்குது, நாய் நாலு விரல்ல. நாய்க்குப் பின்னங்கால் முட்டி தப்பான பக்கம் மடங்குதேன்னு சின்ன வயசுல யோசிச்சிருப்பீங்க, அது முட்டியில்ல, குதிகால்.

கால்நடை மருத்துவப் படிப்புல முதல் வருஷம் அனாடமி, அதாவது உடற்கூறுப் பாடம்னாலே பசங்களுக்கு ஞாபகம் வர்றது, உடம்ப கெடாம வைக்கற ஃபார்மலின் நெடியும் மனப்பாடமும்தான். மனுஷ டாக்டருக்கு ஒரே ஒரு உடம்பு. எங்களுக்கு மாடு, குதிரை, நாய், பன்னி, கோழின்னு வரிசை. நமக்கு விலா எலும்பு 12 ஜோடி, மாட்டுக்கும் நாய்க்கும் 13, குதிரைக்கு 18. மாட்டுக்கு மேல்தாடையில முன்பல்லே இல்ல, குதிரைக்கு பித்தப்பை இல்ல. 1761-ல பிரான்ஸ்ல லியோன் நகரத்துல க்ளாட் பூர்ஷெலா உலகத்தோட முதல் கால்நடை மருத்துவப் பள்ளிய ஆரம்பிச்சாரு, அவரு குதிரையேற்றப் பள்ளி நடத்துனவரு, அதனால அப்பல்லாம் பாடமே குதிரையச் சுத்திதான். இப்ப ஏதாவது ஒரு மிருகத்த முழுசா படிச்சுட்டு மத்தத அதோட ஒப்பிட்டுப் பாக்கறோம்.

சரி, நான் சொல்ல வந்தது பை தேர்வு. எங்க வாத்தியார் ஒரு துணிப்பை வச்சிருப்பாரு, உள்ள ஒரே ஒரு எலும்பு. எட்டிப் பாக்கக் கூடாது, கைய மட்டும் விடணும். கேள்வி மூணே மூணு: எந்த எலும்பு, எந்த மிருகம், எந்தப் பக்கம். முதல் ரெண்டையும் எப்படியோ சொல்லிடுவோம், மூணாவதுலதான் எல்லாரும் மாட்டுவாங்க. தொடையெலும்பா இருந்தா தப்பிச்சீங்க, அதோட உருண்டைத் தலை எப்பவும் உள்பக்கம் பாக்கும், கீழ முட்டிச்சில்லு வழுக்கற பள்ளம் முன்பக்கம் இருக்கும், ரெண்டையும் விரல்ல தடவிட்டா இடதா வலதான்னு தெரிஞ்சு போயிடும். எனக்கு முன்னாடி போனவளுக்கு அதுதான் வந்துச்சு, சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தா. நான் கைய விட்டேன். சின்னதா, தட்டையா, லேசா வளைஞ்ச ஒரு துண்டு, ஒரு விரல் நீளம் கூட இல்ல. தடவறேன், திருப்பறேன், திருப்பித் தடவறேன், மூட்டு மாதிரி எதுவுமே சிக்கல. வேர்த்துடுச்சு. "விலா எலும்பு சார், உடைஞ்ச துண்டு"ன்னேன். "எந்தப் பக்கம்மா?"ன்னாரு. வாய்க்கு வந்தபடி "இடது"ன்னு சொன்னேன். அவரு பொறுமையா அத வெளிய எடுத்து என் உள்ளங்கையில வச்சு, "இது மாட்டோட இதயத்துக்குள்ள இருந்ததும்மா"ன்னாரு.

ஆமாங்க, இதயத்துல எலும்பு. வளர்ந்த மாட்டுக்கு, பெரிய ரத்தக்குழாய் கிளம்பற எடத்துல, வால்வுகள தாங்கற மாதிரி உண்மையிலேயே எலும்பு இருக்கு. அது எனக்குத் தெரியாமல்லாம் இல்ல, ரெண்டு தடவ எழுதிப் பாத்த வரி அது. ஆனா கைக்குத் தெரியல. அதத்தான் இத்தன வருஷமா பசங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேன், புலம்பறேன்னே வச்சுக்கோங்க. இப்ப கம்ப்யூட்டர்ல மாட்ட அடுக்கடுக்கா உரிச்சுப் பாக்கலாம், அழகாத்தான் இருக்கு, வேண்டாம்னு சொல்லல. ஆனா வாயில்லா ஜீவன் முன்னாடி போய் நின்னா தோலுக்கு மேலதான் கைய வைக்க முடியும், உள்ள இருக்கறது கைக்குத் தெரிஞ்சிருக்கணும்.

எந்தப் பக்கம்ங்கற கேள்வி பரீட்சையோட முடியறதும் இல்ல. மாட்டுக்கு வயிறு நாலு அறை, முதல் அறை மட்டுமே நூறு லிட்டருக்கு மேல புடிக்கும், அது முழுக்க இடது பக்கம். வயிறு உப்பிப் போன மாட்ட பின்னாடி நின்னு பாருங்க, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல இருக்கற பள்ளம் இடது பக்கம்தான் முதல்ல மேடாகும். மூச்சு முட்டி உயிர் போற நிலைமையில டாக்டர் குழாய் குத்தி காத்த வெளிய விடறதும் அங்கதான். வலது பக்கம் குத்துனா குடல்தான். ரெண்டாவது அறை தேன்கூடு மாதிரி இருக்கும், மாடு மேயும்போது முழுங்கற கம்பி, ஆணி எல்லாம் அதுலதான் போய்த் தங்கும். அதுக்கு முன்னாடி உதரவிதானம், நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கற, மூச்சிழுக்க உதவற தசை, அதத் தாண்டுனா உடனே இதயம். வயித்துல கிடந்த கம்பி கொஞ்சம் முன்னால நகர்ந்தா போதும், இதயத்தோட உறைய குத்திடும். அதனாலதான் சில எடங்கள்ல மாட்டுக்கு காந்தத்த முழுங்க வச்சுடறாங்க, கம்பி அதுல ஒட்டிக்கிட்டு அங்கயே கிடக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய காட்டறாங்க, ரெண்டு நிமிஷமாம். கோழிக்குன்னு தனியா நேரம் ஒதுக்கி வச்சிருந்தேன், பன்னிக்கும்தான், பன்னி போச்சு. கோழிய வேகமா சொல்லிடறேன். அங்கயும் அதே கேள்வி, எந்தப் பக்கம்? முட்டை உருவாகறது இடது பக்க சூலகத்துல மட்டும், வலது பக்கம் வளரவே வளராது. இன்னொண்ணு, கோழிக்கு நமக்கு இருக்கற மாதிரி உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைஞ்சாத்தான் காத்து உள்ள போகும். சின்னக் குழந்தைங்க ஆசையா கட்டிப் புடிச்சு தூக்குவாங்க, கொஞ்சம் இறுக்கிட்டா போதும், சத்தமே போடாம மூச்சு நின்னுடும். அடியில ஒரு கைய குடுத்துத் தாங்குங்க, நெஞ்ச மட்டும் அமுக்காதீங்க. விளக்க சிவப்பாக்கிட்டாங்க, வரேங்க.